ஆறாவது பொத்தான்

காற்றாலைகள் வந்து சேர்ந்திருந்த, ஆனால் மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இன்னும் வந்து சேராத தாராபுரத்தில், சுபவேல் கேபிள் நெட்வொர்க் என்றொரு கம்பெனி இருந்தது, அந்தக் கம்பெனியில் ஒரு புகார் டெலிபோன் இருந்தது, அந்த டெலிபோனுக்கு முன்னால் கோகிலவாணி ஒன்பது வருடமாக உட்கார்ந்திருந்தாள். படம் வரலீங்க என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். படம் வந்துகொண்டுதான் இருக்கும். கொஞ்சம் பேசவிட்டால், "நாலு பேரு உக்காந்திருக்கறோமுங்க அம்மிணி, எதைப் பாக்கறதுன்னே தெரியலீங்க" என்பதில் போய் நிற்பார்கள். எந்த வீட்டில் யார் கோபக்காரர், யாருக்கு மூட்டுவலி, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியாக இருந்ததால், "ஏழு மணிக்கு அந்தக் காமெடியப் போடுங்க, உங்க மாமனார் ரெண்டு தடவ சிரிச்சாருன்னா பொறகு நைசா உங்க சீரியலுக்கு மாத்திக்குங்க" என்று அவளும் வழி சொல்லி வைப்பாள். அவள் சொன்னது தப்பாகப் போனதில்லை.

அவள் வீட்டிலும் எதைப் பார்ப்பது என்று அவளைக் கேட்காமல் இல்லை. அவள் புருஷன் தனசேகரன் தினமும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ என்ன புள்ள பாக்கற?" என்று ஒரு நாள் தவறாமல் கேட்பான். "எதுன்னாலும் செரிங்க" என்று அவள் ஒரு நாள் தவறாமல் சொல்வாள். அவன் கபடி போடுவான். இதைவிட ஒற்றுமையான குடும்பம் அந்தத் தெருவில் கிடையாது என்று பெயரெடுத்திருந்தார்கள்.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம் தனசேகரன் கபடிக்கு நடுவில் இன்னொன்றும் கேட்டான். "திருப்பூர்ல அண்ணன் பனியன் கம்பெனியப் பெருசாக்கறாரு, நம்மளக் கூப்படறாரு. தீபாவளி கழிஞ்சதும் ஊட்டக் காலி பண்ணீட்டு அங்கயே போயிரலாமுன்னு இருக்கறேன். நீ வேலைய விட்டர்லாம். என்ன சொல்ற?"

"எதுன்னாலும் செரிங்க" என்றாள் கோகிலவாணி. சொல்லி முடித்து, உரித்துக்கொண்டிருந்த பூண்டைக் கீழே வைத்த பிறகுதான் இது கபடியைப் பற்றிய கேள்வி இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. அந்த ஒன்பது வருடத்து நாற்காலி, அந்த டெலிபோன், கோகிலவாணிதானுங்களே என்று பேரைச் சொல்லிக் கூப்பிடும் அத்தனை வீடுகள், எல்லாம் தீபாவளியோடு முடிந்துவிடும். அவளுக்குப் போகப் பிடிக்கவில்லை. அது மனசுக்கு நன்றாகத் தெரிந்தது, வாய்க்குத்தான் தெரியவில்லை. தனசேகரன் அதற்குள் அண்ணனுக்குப் போன் போட்டு, "அவளுக்கும் முழுச் சம்மதமுங்ணா" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அதே மாதத்தில்தான் கேபிள் முதலாளி ராசப்பனுக்கு ஒரு யோசனை உதித்தது. பட்டணத்துப் பெரிய கம்பெனிகள் இவருடைய இணைப்புகளை ஒன்றொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தன. நானூறு சேனல் இருந்து என்ன செய்ய, எதைப் பார்ப்பது என்று சொல்ல ஆளில்லையே, டிவியே கேள்வி கேட்டு, பதிலை ரிமோட்டில் வாங்கி, இன்றைக்கு இதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டால் ஒருத்தனும் போக மாட்டானே என்று கணக்குப் போட்டு, கோயம்புத்தூரில் இருந்து எட்வின் என்ற நடுவயது இன்ஜினியரை வரவழைத்தார். எட்வின் ஏற்கெனவே ஒன்றைச் செய்து கையில் கொண்டுவந்திருந்தார். உங்களுக்குப் பிடித்த வகை எது, திகிலா, நகைச்சுவையா, துப்பறிதலா, பக்தியா, செய்தியா என்று அது கேட்டது. நாற்பது வீடுகளில் வைத்துப் பார்த்தார்கள். நாற்பது வீட்டிலும் பக்தியும் செய்தியும்தான் பிடிக்கும் என்று பதில் வந்தது. டிவி அந்த நாற்பது வீட்டுக்கும் காலையில் பக்தியும் மாலையில் செய்தியும் சிபாரிசு செய்தது. ஒரு வீட்டிலும் ஒருத்தரும் பார்க்கவில்லை.

எட்வின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கோகிலவாணி டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "வெளியாளு வந்து மரியாதையாக் கேட்டா வெளியாளுக்குச் சொல்றதத்தானுங்க சார் சொல்லுவாங்க. விருந்தாளிகிட்டப் போயி, யாராச்சும் யாரையாச்சும் சாத்தறதப் பாக்கப் பிடிக்குமுன்னு எந்த ஊட்டுல சொல்லுவாங்க?"

"அப்ப எப்படிக் கேக்கறது, நீங்களே சொல்லுங்க" என்றார் எட்வின். கோகிலவாணி ஒரு பெரிய சார்ட் பேப்பரை ஆபீஸ் சுவரில் ஒட்டி, தன் ஒன்பது வருடத்தை அதில் எழுத ஆரம்பித்தாள். சாப்டாச்சுங்களா என்பது முதல் கேள்வி, ஏனென்றால் பசியோடு இருக்கும் வீட்டில் சமையல் நிகழ்ச்சி போட்டால் சண்டை வரும். எத்தன பேரு உக்காந்திருக்கறீங்க என்பது இரண்டாவது. ரிமோட்டு யாரு கையிலீங்க என்பது மூன்றாவது. யாராச்சும் யாரோடயாச்சும் பேசாம இருக்கறாங்களா என்பது நான்காவது, இதை எடுத்துவிடலாம் என்று எட்வின் சொன்னதற்கு அவள் சம்மதிக்கவில்லை. கடைசிக் கேள்வி, நீங்க என்ன பாக்கோணும்னு நெனைக்கறீங்க என்பது. அதற்குக் கீழே பதில்களை எழுதி நம்பர் போட்டாள். ரிமோட்டில் அந்த நம்பரை அமுத்தினால் போதும். ஒன்று, சிரிக்கோணும். இரண்டு, அழுவோணும். மூன்று, யாராச்சும் அடி வாங்கோணும். நான்கு, சாமி. ஐந்து, சத்தம் மட்டும் இருந்தாப் போதும், கைவேல இருக்குது. எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். என்னவோ முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. ஆறு என்று போட்டு, எதுன்னாலும் செரிங்க என்று எழுதியதும்தான் அது மனுஷர்கள் கேட்கிற கேள்வியாக ஆனது.

"ஆற அமுத்தினா எதக் காட்டணும்?" என்று கேட்டார் எட்வின்.

"அது சும்மா மரியாதைக்குங்க சார். அமுத்தினா ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க."

எட்வினும் அப்படியே செய்தார். மற்ற ஐந்துக்கும் பக்கம் பக்கமாக எழுதி நிரப்பிய இடத்தில், ஆறுக்கு மட்டும் ஒரு வெற்றிடத்தை விட்டுவிட்டு, ஆடிப் பதினெட்டு அன்று தேங்காய் உடைத்து 'என்ன பாக்கலாமுங்க' என்ற பெயரில் ஊர் முழுக்கத் திறந்துவிட்டு, கோயம்புத்தூர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

ஊர் முழுக்க ஆறை அமுத்தியது. பத்து வீட்டில் எட்டு வீடு ஆறைத்தான் அமுத்தியது. அமுத்தினால் கேள்வி அப்படியே நிற்கும், கொஞ்ச நேரம் அதையும் பார்த்துவிட்டு வேறு சேனல் போவார்கள். ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பொள்ளாச்சி ரோட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் சண்முகசுந்தரம் ரிமோட்டைத் தூக்கி, "உனக்கு என்ன லோகா வேணும்?" என்று சம்சாரத்தைக் கேட்டார். லோகநாயகி அரிசி புடைத்தபடி, எதுன்னாலும் செரி என்றாள். அவர் அவள் பேரில் ஆறை அமுத்தினார். லோகநாயகி தூங்குகிறார், மூன்று மணி நேரம், இடைவேளை கிடையாது என்று டிவியில் எழுத்து வந்தது. பிறகு நிகழ்ச்சி ஆரம்பமானது.

கோகிலவாணியின் டெலிபோன் அடித்தது. "அம்மிணி, எங்கூட்டு டிவில எங்கூட்டம்மா தூங்கறாங்க."

"அவிக இப்ப எங்கீங்க இருக்கறாங்க?"

"எம்பக்கத்துலதான் உக்காந்து பாத்துட்டிருக்கறாங்க."

"படம் தெளிவா வருதுங்களா?"

"தெளிவா வருதுங்."

"சத்தம்?"

"ஃபேன் ஓடற சத்தம் மட்டும் கேக்குதுங்."

"அப்ப ஒண்ணும் கோளாறு இல்லீங்களே" என்றாள் கோகிலவாணி. அவரும் யோசித்துப் பார்த்து, ஆமாம், கோளாறு என்று சொல்ல ஒன்றும் இல்லை என்று ஒத்துக்கொண்டு போனை வைத்தார். மூன்று மணி நேரமும் அவர் பார்த்தார். டிவிக்குள் ஒரு தடவை கதவு லேசாகத் திறந்தது, காபி கேட்க வந்த ஒரு கை, அது அவருடைய கைதான், கதவைப் பிடித்தபடி நின்று, கேட்காமல் திரும்பிப் போனது. லோகநாயகி அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். நாற்பத்தொரு வருடத்தில் அவர் செய்யாததை டிவியில் செய்திருந்தார், அதைப் பார்த்து அவருக்கே தன் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அதற்குப் பிறகு, ஆறை அமுத்தியவர் மனசில் இருந்தது வீட்டுக்கு வீடு ஓடியது. தோட்டத்தைக் காற்றாலைக் கம்பெனிக்கு விற்றுவிட்ட கருப்பணனுக்கு, வாழைக்குத் தண்ணீர் பாய்வது நான்கு மணி நேரம் ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் திரும்பும் ஒவ்வொரு மடையிலும் அவர் மண்வெட்டி எடுக்க எழுந்து எழுந்து உட்கார்ந்தார். மூன்று மகன் வீட்டிலும் மாறி மாறி இருந்துவந்த தபால்கார அய்யாசாமிக்கு, அப்பா எங்கூட்டுலதான் இருக்கோணும் என்று மூன்று மகன்களும் சட்டையைப் பிடித்துச் சண்டை போடும் தொடர் வாரம் ஐந்து நாள் வந்தது, மூன்று மகன்களும் அதை அவரோடு உட்கார்ந்து பார்க்கவேண்டியதாயிற்று. பார்க்கிற இடத்தில் எல்லாம் கும்பிடு வாங்கிக்கொண்டிருந்த வார்டு கவுன்சிலருக்கு, ஒரு சலூனில் அவர் இரண்டு மணி நேரம் யாரும் கண்டுகொள்ளாமல் தன் முறைக்குக் காத்திருக்கும் படம் வந்தது, அவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்த அமுதவல்லி என்ற பெண்ணுக்கு, மாப்பிள்ளை வீட்டார் வந்த கார் மூலனூரில் வழி தவறி, நேராகப் பழனிக்குப் போய், நல்ல தரிசனம் கிடைத்து, சந்தோஷமாக ஊர் திரும்பும் நிகழ்ச்சி வந்தது. அதை மாப்பிள்ளை வீட்டாரே பார்த்தார்கள். யாருக்கும் மனவருத்தம் இல்லாமல் முடிந்த சம்பந்தம் அந்த ஊரில் அது ஒன்றுதான்.

எதுவும் புதுசாக இருக்கும் வரைக்கும்தான், பிறகு அதற்கும் ஒரு நடைமுறை வந்துவிடும், தாராபுரத்திலும் வந்தது. ஒரு வீட்டுக்குப் போகும்போது அங்கே ஒருத்தருடையது ஓடிக்கொண்டிருந்தால், செருப்பை வெளியே விட்டு, கடைசியாகப் போய் உட்கார்ந்து, வாய் திறக்காமல் பார்க்கவேண்டும் என்றானது. "அத்தையுது ஓடுதுங்க, அப்பறம் வாங்க" என்று வாசலிலேயே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு பெண் எதைப் பார்க்கிறாள் என்று எழுதி வாங்க ஆரம்பித்தார்கள். ரிமோட்டை இத்தனை வருடம் கையில் வைத்திருந்தவர்கள் சிலருக்குப் பொறாமை வந்து, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு ஆறை அமுத்திப் பார்த்தார்கள். அவர்களுக்கு வானிலை அறிக்கை மட்டும் வந்தது.

டிவிக்கு வெளியிலும் அந்த வார்த்தையைச் சொல்ல ஜனங்கள் பயந்தார்கள். டீயா காபியா என்று கேட்டால், எதுன்னாலும் என்று ஆரம்பித்துப் பாதியில் முழுங்கிக்கொண்டு, டீ, சக்கரை கம்மியா என்றார்கள். மெஸ்ஸில் ரெண்டு தோசை, ஓரம் மொறுமொறுன்னு என்று கேட்டார்கள். ஜவுளிக்கடையில் நூறு சேலை விரிக்கச் சொல்லிக் கடைசியில் எதையோ எடுத்துப் போகும் பெண்கள், பச்சை, அரக்கு பார்டர், ஆயிரத்துக்குள்ளே என்று சொல்லிப் பத்தே நிமிடத்தில் வாங்கிப் போனதில், விரிக்கும் வேலைக்கு வைத்திருந்த ஆட்கள் கைகட்டி நின்றார்கள்.

இந்த ஊரில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஒன்றும் ஓடவில்லை. அது இதையெல்லாம் செய்துவைத்த கோகிலவாணியின் வீடு. ஒன்பதாம் நாள் சாயங்காலமே அவள் வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக, மருந்துப் பெட்டியில் இருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்து, ரிமோட்டில் ஆறாம் நம்பர் மேல் அழுத்தி ஒட்டிவிட்டாள். தனக்கு என்ன ஓடும் என்று தெரியாமல் இல்லை. தெரிந்துவிடுமே என்பதுதான் பயம். நடு வீட்டில், புருஷன் முன்னால், மாமியார் முன்னால், திருப்பூருக்குப் போகாத ஒரு கோகிலவாணி நடமாடினால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் எப்படிச் சோறு போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆறு இல்லாமல் போனதில் அதிகம் சிரமப்பட்டது அவள் மாமியார் வள்ளியாத்தாள்தான். அவளுக்குப் பிடித்த சாமி சேனல் நூற்று முப்பத்தாறில் வந்தது. நூற்று முப்பத்தைந்தை அமுத்தி ஒன்று மேலே ஏறிப் பார்த்துக்கொண்டாளே தவிர, பிளாஸ்திரி எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், பரணில் இருந்து இறக்கிய பித்தளைப் பாத்திரங்களைக் கோகிலவாணி சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது, "காயம் ஆறீருச்சா கண்ணு?" என்றாள். எந்தக் காயமுங்க அத்தை என்று கோகிலவாணி கேட்டதற்கு, ரிமோட்டைப் பார்த்தாள். தனசேகரன் திருப்பூரில் வீடு பார்த்துவிட்டு வந்து, மாடியா கீழயா என்று கேட்டான். போகப் பிடிக்கவில்லை என்பது அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. எதுன்னாலும் செரிங்க என்றுதான் வெளியே விழுந்தது.

புரட்டாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை, குடும்பத் தலைவர்கள் நலச் சங்கம் என்று புதிதாக முளைத்த ஒன்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டது. கூட்டியவர் அரிசி மில் தங்கராசு. அவர் வீட்டம்மாவுக்கு ஒரு தொடர் பதினொரு நாளாக ஓடியதில் அவர் ஒரு நாள்கூடத் திரையில் வரவில்லை, அடுத்த வீட்டு நாயே இரண்டு தடவை வந்துவிட்டது. குடும்பம் குடும்பமாக வந்து மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையில் ஒரு பெரிய டிவியை வைத்து, ராசப்பனையும் கோகிலவாணியையும் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

"அந்த ஆற எடுத்துப்போடோணுமுங்க" என்றார் தங்கராசு மைக்கில். "இல்லீன்னா அது காட்டறது நெசந்தானுன்னு எங்களுக்குத் தெரியோணும். கம்பெனிக்காரங்களே படம் புடிச்சு உடறீங்களோ என்னமோ. செஞ்சவிக ஊட்டுது மட்டும் ஏனுங்க இதுவரைக்கும் ஓடல? இப்ப எல்லாத்துக்கும் முன்னால ஓடட்டும், பாத்தரலாம்."

நியாயம்தானே என்று கூட்டம் முணுமுணுத்தது. ராசப்பன் குனிந்து, "கம்பெனி மானம் உங்கையிலதான் அம்மிணி இருக்குது" என்றார். முன்வரிசையில் தனசேகரன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான், ஒளிக்க ஒன்றும் இல்லாத மனுஷனின் நிம்மதி அவன் முகத்தில் இருந்தது. நம்முளுது என்ன ஓடப்போகிறது, கபடிதான் ஓடும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் வள்ளியாத்தாள் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

தங்கராசு கோகிலவாணியின் ஒரு கையில் ரிமோட்டையும் இன்னொரு கையில் மைக்கையும் கொடுத்தார். அந்த ரிமோட்டில் பிளாஸ்திரி இல்லை. டிவி அவளை ஒவ்வொன்றாகக் கேட்டது, அவள் எழுதிய கேள்விகளை அவளிடமே கேட்டது. சாப்டாச்சுங்களா. எத்தன பேரு உக்காந்திருக்கறீங்க. ரிமோட்டு யாரு கையிலீங்க. ஒன்றொன்றுக்கும் பதிலை அமுத்திக்கொண்டே வந்து கடைசிக் கேள்வியில் நின்றாள். இனி இந்த ஊரே பார்க்கப்போகிறது, பார்த்தால் பார்க்கட்டும், என் வாயால் சொல்லாமல் போனதை இதுவாவது சொல்லித் தொலைக்கட்டும் என்று நினைத்து ஆறை அமுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடியும் அமுத்தினாள். நீங்க என்ன பாக்கோணும்னு நெனைக்கறீங்க என்ற கேள்வி அப்படியே நின்றது. அமுத்தினா ஒண்ணும் பண்ண வேண்டாம் என்று எட்வினிடம் அவள் சொன்ன சொல்லை, ஊரில் வேறு யார் விஷயத்திலும் மதிக்காத அந்த டிவி, சொன்னவள் விஷயத்தில் மட்டும் அட்சரம் பிசகாமல் மதித்தது. மண்டபமே காத்திருந்தது. லோகநாயகி, கருப்பணன், அய்யாசாமி, அமுதவல்லி என்று அவள் குரலால் மட்டும் அறிந்திருந்த அத்தனை பேரும் முகத்தோடு உட்கார்ந்து, கோகிலவாணியுடையது எப்போது ஆரம்பிக்கும் என்று அவளைத் தாண்டி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அழுகையாக வந்தது, கூடவே கோபமும் வந்தது. இத்தனை பேருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்ததே பரவாயில்லை போல, இப்படி ஒருத்தருக்கும் தெரியாமலேயே போய்விடும் என்பதுதான் தாங்கவில்லை.

"நான் திருப்பூருக்கு வரலீங்க" என்றாள்.

மைக் திறந்திருந்தது. அவள் குரல் மண்டபத்தின் நான்கு ஒலிபெருக்கிகளிலும் போய்த் திரும்பி வந்து அவள் காதிலேயே விழுந்தது. "எனக்கு இந்த ஊருதானுங்க வேணும். இந்த வேலைதான் வேணும். ஆனி மாசமே சொல்லீருக்கோணும், வாய் வரலீங்க" என்று மீதியையும் சொல்லி முடித்தாள்.

"இது என்ன ப்ரோகிராமுங்க?" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கேட்டார். பக்கத்தில் இருந்தவர், இது நேர்ல நடக்கறதுங்க என்று அவருக்கு விளக்கினார்.

எல்லாத் தலையும் டிவியை விட்டுவிட்டுத் தனசேகரனைத் திரும்பிப் பார்த்தது. அவன் மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கினான், எழுந்து நின்றான், துண்டு இல்லாத தோளில் துண்டைத் தேடினான். அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது, பார்த்துவைத்த வீட்டுக்கு என்ன பதில் சொல்வது, இத்தனை பேர் முன்னால் சிரிப்பதா முறைப்பதா என்றெல்லாம் அவன் முகத்தில் வரிசையாக ஓடியது. எதையும் காட்டிக்கொள்ளாமல் பெரிய மனுஷனாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"எனக்கென்ன புள்ள" என்றான். "எதுன்னாலும் செரி."

வள்ளியாத்தாள் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து, மெதுவாக மேடை ஏறி, மருமகள் கையில் இருந்த ரிமோட்டை வாங்கிக்கொண்டு இறங்கி வந்து, மகன் கையில் வைத்தாள். பின்வரிசையில் இருந்தவர்கள், அவனுடையது நன்றாகத் தெரியவேண்டும் என்று நாற்காலிகளை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.